கனகவல்லிக்கு டிபி இல்லை

கனகவல்லிக்கு முதன்முதலாக அந்தச் சூடு வந்தது கம்பெனியில், செக்கிங் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தபோது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். காலரில் தொங்கிய நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சுக்குள் யாரோ ஸ்டவ்வைப் பற்றவைத்தது போல இருந்தது. அது அப்படியே கழுத்துக்கு ஏறி, கன்னத்தில் பரவி, காது மடல்வரை போனது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மணியைப் பார்த்தாள். அவள் பாட்டுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சூடு தானாக இறங்கி, உடம்பு சில்லிட்டு நடுங்கியது. கையில் இருந்த வெள்ளைச் சட்டையில் வேர்வை சொட்டிக் கறையாகியிருந்தது. யாரும் பார்க்கும் முன் அதை அடுக்கின் அடியில் செருகினாள்.

ஏதோ வெயிலின் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

பம்மலில் பிறந்து பம்மலிலேயே வாழ்க்கைப்பட்டவள் கனகவல்லி. புருஷன் துரை தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவன். எண்பதுகளின் நடுவில் அந்தக் கம்பெனி பல மாதம் மூடிக் கிடந்தது. அதே சமயத்தில்தான் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகளை வரிசையாகத் திறந்துகொண்டிருந்தார்கள். பொம்பளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனகவல்லி போய்ச் சேர்ந்தாள். துரையின் கம்பெனி திறந்த பிறகும் அவள் நின்றுகொள்ளவில்லை. விடியுமுன் எழுந்து சோறு வடித்துக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, பல்லாவரம்வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தால் மறுபடி அடுப்படி. மகளைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் ரவி லேத் பட்டறையில் வேலை. அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி, பால்குடி மறக்காத ஒரு பெண் குழந்தை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள்.

அந்தச் சூடு சித்திரையோடு போகவில்லை. ஆடியிலும் வந்தது, மழை பிடித்துக்கொண்ட ஐப்பசியிலும் வந்தது. பஸ்ஸில் வந்தது, ரேஷன் கடை வரிசையில் வந்தது. தூங்கும்போது வந்தால் சேலை தொப்பலாக நனைந்துவிடும். எழுந்து உடுத்து மாற்றிப் படுத்தால் தூக்கம் திரும்பாது. காலையில் கண் எரிய எழுந்து வேலைக்குப் போவாள். கம்பெனியில் பறக்கிற பஞ்சுத் தூசியால் வறட்டு இருமல் வேறு. சோறு இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தது. சட்டென்று கோபம் வந்தது. அதைவிடச் சட்டென்று அழுகை வந்தது. கடைக்குப் போய் நின்றால் எதை வாங்க வந்தோம் என்று மறந்தது.

மாதவிலக்கு அவளுக்கு அதற்கு முன்பே நின்றிருந்தது. நின்றபோது அப்பாடா என்றுதான் இருந்தது. கம்பெனியில் கக்கூசுக்குப் போவதற்கே சூபர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். துணியை மாற்றுவதும் அலசுவதும் மறைத்து எடுத்துப் போவதும் ஒரு பெரிய பாடு. அது ஒழிந்ததே என்று சந்தோஷப்பட்டாளே தவிர, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

முதலில் கவனித்தவள் ஜெயக்கொடி. ஒருநாள் காலை கொடியில் கிடந்த சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா அத்த, தெனமும் பொடவ நனஞ்சி கீது? ராத்திரில குளிக்கிறியா?"

"வேர்வைம்மா. இன்னான்னே தெரியல. ஊத்துது."

ஜெயக்கொடியின் முகம் மாறிப்போனது. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் அப்பா டிபியில் செத்தவர். ராத்திரி வேர்வை, இருமல், இளைப்பு மூன்றையும் அவள் சின்ன வயதிலேயே ஒரே கூரையின் கீழ் பார்த்து வளர்ந்தவள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கிளினிக் வைத்திருந்த டாக்டர் முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார். இருமல் எத்தனை நாளாக, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. அவளும் ஆம்பிளை டாக்டரிடம் வேறெதுவும் சொல்லவில்லை. "எதுக்கும் சானடோரியம் டிபி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க" என்றார்.

சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவள்தான் கனகவல்லி. ஆனால் கம்பெனிக்குப் போகிற கூட்டத்தோடு நடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு நடந்தபோது, தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுமோ என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பொறுமையாகத்தான் பார்த்தார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பு போல இருக்கிறது, சளியை வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால்தான் தீர்மானமாகச் சொல்ல முடியும், அதற்கு ரெண்டு மாசம் போல ஆகும், அதுவரை மாத்திரை வேண்டாம், நன்றாகச் சாப்பிட்டு ஓய்வாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் அவளுடைய தட்டும் தம்ளரும் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

ஜெயக்கொடி வாசலிலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "அத்த, தப்பா நெனச்சிக்காத. கொழந்த கீது. அதான். எங்கப்பாவப் பாத்தவ நானு."

"நான் ஒண்ணும் நெனைக்கல. நானே சொல்லலாம்னுதான் வந்தேன்" என்றாள் கனகவல்லி. உண்மையாகவே அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட தெம்பு வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நாலு கீற்றுப் போட்டுத் துரை ஒரு சாய்ப்பு இறக்கினான். அதில் கயிற்றுக் கட்டில். கம்பெனிக்கு லீவு சொல்லியாயிற்று. ஜெயக்கொடி வேளாவேளைக்குச் சோற்றைக் கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனாள். துரை தினமும் வேலை விட்டு வரும்போது நாட்டுக்கோழி முட்டையும் பால் பாக்கெட்டும் வாங்கி வந்தான். முட்டையைத் தானே அவித்துத் தோலுரித்துக் கொடுத்தான். கல்யாணமான நாள் முதல் அவன் அடுப்புப் பக்கம் வந்து அவள் பார்த்ததில்லை.

"துன்னுமே. டாக்டரு துன்னணும்னு சொல்லிகீறாரு."

"உனுக்கு?"

"எனுக்கு இன்னா, சீக்கா?"

கனகவல்லி தூங்கினாள். பகலில், வெயில் முருங்கையிலை வழியாக விழுந்துகொண்டிருக்கும்போது, எழுப்ப ஆள் இல்லாமல், அடுத்த வேலை என்ன என்று நினைக்காமல் தூங்கினாள். ராத்திரி வேர்த்துக் கொட்டி விழித்துக்கொண்டாலும், பகலில் அந்தத் தூக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ரவி பட்டறைக்குப் போகுமுன் எட்ட நின்று "எப்டிம்மா கீது?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் அப்படி எப்போது கடைசியாகக் கேட்டான் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. குழந்தையைத் தூக்க முடியாததுதான் ஒரே வேதனை. அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆயா, ஆயா" என்று கூப்பிடும். இவள் கையை ஆட்டுவாள். அந்த நாட்களில் அவள் உடம்பு கொஞ்சம் தேறியதுகூட.

ரெண்டு மாதம் கழித்துத் துரையும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. டிபி இல்லவே இல்லை. தழும்பு எப்போதோ வந்து ஆறியது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். துரை அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். வழியிலேயே தேங்காய் பழம் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி குழந்தையைக் கொண்டுவந்து மாமியார் மடியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அன்றைக்கு எல்லாருமே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், கனகவல்லியும்.

மறுநாள் காலை ஜெயக்கொடி சொன்னாள்: "அத்த, அரிசி ஊற வச்சி கீறேன். ஆட்டிட்டு வேலைக்குப் போயிடு. கொழந்த என்ன வுட மாட்டேங்குது."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. எப்போதும் மாவாட்டுகிறவள் அவள்தானே. தட்டும் தம்ளரும் பழைய இடத்துக்குத் திரும்பின. சாய்ப்பைத் துரை பிரித்து, கீற்றை அடுப்புக்கு எடுத்து வைத்தான். முட்டை நின்றது. பால், குழந்தைக்கு மட்டும் என்று ஆனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. டிபி இல்லை என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் எழுந்து வேலையைப் பார்க்க வேண்டியதுதான். குழவியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் அந்தத் தீ மறுபடி ஏறியது. மாவு படிந்த கையோடு சுவரில் சாய்ந்தாள். டிபியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் குழந்தை முகம் ஞாபகம் வர, தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சூபர்வைசர் லாசரஸ் கெட்டவர் இல்லை. எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "என்ன பண்றது அக்கா, செக்கிங்ல ஆள் போட்டாச்சு. இப்போதைக்கு அயர்னிங்ல நில்லுங்க. பிறகு பார்க்கலாம்" என்றார்.

அயர்னிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். வரிசையாக நீராவி இஸ்திரிப் பெட்டிகள். துணி பறக்கும் என்று ஃபேனையும் அங்கே குறைத்துத்தான் வைப்பார்கள். வயசுப் பெண்களே மத்தியானத்துக்குள் வாடிப்போகிற இடம். அங்கே நின்றவளுக்கு வெளிச்சூடு எது, உள்சூடு எது என்றே பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. ஒருநாள் பெட்டியைக் காலர்மேல் வைத்தபடி கண் இருட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீய்ந்த வாசனை வந்து பக்கத்துப் பெண் ஓடிவந்துதான் பெட்டியைத் தூக்கினாள். லாசரஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "டிபி இல்லேன்னுதானே சொன்னாங்க? அப்புறம் என்னக்கா உங்களுக்கு?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் கனகவல்லியும் பல மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷ மழைக்காலம் முடிந்தபோதுதான் டாக்டர் காந்திமதி கம்பெனிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை. நாற்பது வயது தாண்டிய பெண்களிடம் ஏதோ ஆராய்ச்சிக்காகப் பேச வேண்டும் என்று முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார். முதலுதவி அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒருத்தியும் போகவில்லை. "ரத்தம் எடுத்து வித்துடுவாங்களாம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆளுங்களாம். போவாத" என்று அம்மணி எச்சரித்தாள்.

கனகவல்லி போனாள். ஆராய்ச்சிக்காகப் போகவில்லை. அந்த அறையில் நாற்காலி இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. கொஞ்ச நேரம் உட்காரலாம்.

டாக்டர் பேர், ஊர், பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்: "மாதவிலக்கு எப்பம்மா நின்னுச்சு?"

கனகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "அது நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது" என்றாள் மெதுவாக.

"உடம்புல திடீர்னு சூடு வருமா? இங்கேருந்து..." டாக்டர் தன் நெஞ்சில் கையை வைத்து, கழுத்து வழியாகக் கன்னம்வரை கொண்டுபோனார். "...இப்படி ஏறி, வேர்த்துக் கொட்டிட்டு, பிறகு குளிருமா?"

கனகவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கும் வருதா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு இன்னும் காலம் வரலை. எங்கம்மாவுக்கு வந்துச்சு. ஈரத் துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டே சமைப்பாங்க. நான் அப்ப மெடிக்கல் காலேஜ்ல படிச்சிட்டிருக்கேன். எனக்கே அது என்னன்னு தெரியலை. சும்மா எரிஞ்சு விழறாங்கன்னு சண்டை போட்டிருக்கேன்."

பிறகு விளக்கிச் சொன்னார். சினைப்பையில் சுரந்துகொண்டிருந்தது நின்றுபோகும்போது, தலைக்குள் உடம்பின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிற இடம் தடுமாறிவிடுகிறது. சூடே இல்லாதபோதும் சூடு அதிகம் என்று நினைத்து உடம்பை வேர்க்க வைக்கிறது. தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெடுவதால் மறதியும் கோபமும் அழுகையும் வருகின்றன. இது நோய் இல்லை. ஆனால் ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடாது.

"இது எல்லாருக்கும் வருதா?"

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன். எங்க புத்தகமெல்லாம் வெளிநாட்டுப் பொம்பளைங்களைக் கேட்டு எழுதினது. நம்ம ஊர்ப் பக்கம் இது அவ்வளவா கிடையாதுன்னு நாலு வார்த்தையில முடிச்சிருப்பாங்க. நிஜமாவே கிடையாதா, இல்லை யாரும் சொல்றதில்லையா, தெரியலை."

கனகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். வேர்வை, எக்ஸ்ரே, தனித் தட்டு, முருங்கை மரத்தடி, முட்டை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது கனகவல்லிக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாள் தூக்கி வந்த குடத்தைக் கீழே வைத்த பிறகு கை விறைத்திருக்குமே, அப்படி இருந்தது.

"மருந்து கீதா டாக்டரம்மா?"

"ஒரு மாத்திரை இருக்கு. நின்னுபோன சுரப்பை வெளியிலேருந்து கொடுக்கிறது. சூடு குறையும், எலும்புக்கும் நல்லதுங்கறாங்க. ஆனா அதோட கெடுதல் என்னன்னு இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க வீட்ல யாருக்காவது மார்புல கட்டி, புத்துநோய்னு வந்திருக்கா?"

"எங்க அக்கா கன்னியம்மா அதுலதான் போச்சி."

"அப்போ உங்களுக்கு அதை நான் தர மாட்டேன்ம்மா. தானா குறையும். சில பேருக்குச் சீக்கிரம், சில பேருக்கு வருஷக்கணக்கா ஆகும். பாலு, கேவுரு, கீரை சேர்த்துக்கங்க. இனிமே எலும்பு பலவீனமாகும், விழாம பார்த்துக்கணும். டீயைக் குறைச்சுக்கங்க."

"டீயா?" கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. "அது ஒண்ணுதான் டாக்டரம்மா என்ன நிக்க வச்சிகினு கீது."

"சரி, குடிங்க" என்று டாக்டரும் சிரித்தார். பிறகு, "எல்லாத்தையும்விட உங்களுக்கு ஓய்வு வேணும். அதை நான் எழுதிக் கொடுத்தா கடையில கிடைக்காது" என்றார்.

அன்று சாயந்திரம் கனகவல்லியே அம்மணியை இழுத்துக்கொண்டு போய் அந்த அறையில் உட்கார வைத்தாள். அடுத்த நாள் இன்னும் சிலர் போனார்கள். டாக்டர் போகும்போது லாசரஸிடம் அயர்னிங் பற்றிப் பேசினார். அவர் காதுவரை சிவந்து, "பார்க்கிறேன் மேடம்" என்றார். உடனே எதுவும் நடக்கவில்லை. பட்டன் செக்‌ஷனில் ஒரு பெண் கல்யாணமாகிப் போன பிறகுதான் அந்த ஜன்னலோர இடம் கனகவல்லிக்குக் கிடைத்தது.

வீட்டில் சொல்வதுதான் பெரிய காரியமாக இருந்தது. பல நாள் தள்ளிப்போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, ரவி எழுந்து வெளியே போனதும் துரையிடம் சொன்னாள்.

"யா, எனுக்கு டிபி இல்லன்னு சொன்னாங்கல்ல. அப்ப அது இன்னான்னு இப்ப தெரிஞ்சிடுச்சி."

துரை பீடியைக் காதிலிருந்து எடுத்தவன் அப்படியே நிறுத்தினான். "இன்னா?"

"தூரம் நின்னதால வர்றதாம். பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வருமாம். லேடி டாக்டர் சொன்னாங்க."

துரை தரையைப் பார்த்தான். இதைப் பற்றியெல்லாம் அவர்களுக்குள் வாய்விட்டுப் பேசிப் பழக்கமில்லை. "மருந்து?" என்றான்.

"எனுக்கு ஆவாதாம். தானா போவுமாம். எவ்ளோ நாளாவும்னு தெரியாதாம்."

"அப்ப ஒண்ணும் பயமில்ல."

"பயமில்ல. ஆனா முடியல." அவள் குரல் உயரவில்லை. "டிபின்னு நெனச்சப்போ என்னப் படுக்க வுட்டீங்க. நல்லாப் பாத்துகினீங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா இதுக்கும் நான் படுக்கணும்யா. தெனமும் வேணாம். முடியாத அன்னிக்கி முடியலன்னு சொன்னா, நீங்க அத நம்பணும். அவ்ளோதான்."

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. ஜெயக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள். துரை பீடியைப் பற்றவைக்காமலே எழுந்து போனான்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மாவு மெஷினில் அரைத்து வாங்குவது என்று ஆயிற்று. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கனகவல்லி பாயை விரித்துப் படுத்தால், ஜெயக்கொடி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. ரவிக்குக் கடைசிவரை விஷயம் புரியவில்லை. அம்மாவுக்கு உடம்பில் ஏதோ சூடு என்று மட்டும் தெரியும், இளநீர் வாங்கி வருவான். தண்ணீர் லாரி வரும் நாட்களில் குடங்களை எடுத்துக்கொண்டு துரையே போய் வரிசையில் நின்றான். பம்மல் கிணறுகளில் தோல் கழிவு இறங்கி எத்தனையோ வருஷம். அந்த வரிசையில் எப்போதும் பொம்பளைகள்தான் நிற்பார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சட்டை செய்யவில்லை.

தொண்ணூற்று ஏழில், மழையில் ஈரமாயிருந்த பல்லாவரம் ஸ்டேஷன் படியில் கனகவல்லி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை. மணிக்கட்டு ஒடிந்துபோனது. மாவுக்கட்டு போட்டவர்கள், இப்படி விழுந்ததற்கெல்லாம் எலும்பு ஒடிந்திருக்கக் கூடாதே என்றார்கள். டாக்டர் காந்திமதிக்கு அம்மணி மூலம் தகவல் போய், அவர் வரச்சொல்லிப் பரிசோதித்தார். எலும்பு அவள் வயதைவிட மூத்துவிட்டது என்றார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கையால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. கனகவல்லி கம்பெனியிலிருந்து நின்றுகொண்டாள். நின்ற அன்று அழுவோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

கட்டோடு இருந்த நாட்களில் ஜெயக்கொடிதான் தலை வாரிவிட்டாள். ஒருநாள் வாரிக்கொண்டே இருந்தவள் சீப்பை நிறுத்தினாள்.

"அத்த, எங்கம்மாவும் இப்டித்தான் வேர்த்து நனஞ்சிகினு எழுந்துக்கும். அப்பா போயி ஒரு வருசங்கூட இருக்காது. அவரு சீக்கு ஒட்டிகிச்சின்னு நாங்க யாரும் கிட்டவே போவல. கடசில மாரடைச்சித்தான் செத்துச்சி. டிபியே இல்லியோ இன்னாவோ."

"தெரியலம்மா. யாருக்குத் தெரியும்" என்றாள் கனகவல்லி. ஜெயக்கொடி பின்னலைப் போட்டு முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் டாக்டர் காந்திமதி தன் ஆராய்ச்சியை முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். பாதிப் பேர்கூட வரவில்லை. கேட்ட பெண்களில் நிறையப் பேருக்கு இந்தச் சூடும் வேர்வையும் இருந்திருக்கிறது, பலர் அதற்காக எதற்கெதற்கோ மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். கனகவல்லி எழுந்து கேட்டாள்: "இத்தத் தெரிஞ்சிகினு இனிமே இன்னா பண்ணப் போறீங்கம்மா?"

"டாக்டருங்ககிட்டச் சொல்லப் போறேன். இந்த வயசுல ஒரு பொம்பளை வந்தா இதையும் கேளுங்கன்னு. கேட்பாங்களான்னு தெரியலை" என்றார் டாக்டர். அவர் காதோரத்தில் நரை வந்திருந்தது. கையில் மடித்து வைத்திருந்த கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டார். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். கனகவல்லி டீயை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

சூடு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கோடையில் ஒருநாள், கரண்ட் போய் எல்லாரும் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. இந்த வேர்வை எல்லாருக்கும் வருகிற வேர்வை. நெஞ்சிலிருந்து ஏறுகிற அது வந்து மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஜெயக்கொடியிடம் சொன்னாள்.

"எப்பலேருந்து அத்த?"

"கவனிக்கல."

"போச்சா அப்ப? நல்லதாப் போச்சி."

"ம்" என்றாள் கனகவல்லி. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.